இளைக்கிற பிஸ்கட்

ஏற்காட்டில் ஒரு பொம்பளை குண்டாக இருந்தால் அவள் உடம்பு அவளுடையது இல்லை, ஊர்ச் சொத்து. ஏரிக்குப் போகிற ரோட்டில் பிஸ்கட் கடை வைத்திருந்த பாவாயிக்கு இது வெகு காலமாகத் தெரியும். பன் வாங்க வருகிறவர்கள் பன்னை வாங்கிக்கொண்டு, "என்னக்கா, நீங்களே ஒரு பன்னு மாதிரிதான் இருக்கீங்க" என்று ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போவார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்று பெயர் வரும். குண்டாகவும் இருந்து கோபக்காரியாகவும் இருந்தால் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?

பிறக்கும்போதே அப்படி ஒன்றும் பிறக்கவில்லை. அவள் ஊர் செம்மநத்தம். அப்பனுக்குச் சாமையும் கேழ்வரகும் விளைகிற கொஞ்சம் நிலம், ஓரத்தில் நாலு வரிசைக் காபிச் செடி. அங்கே இருந்தவரை கொத்தவரங்காய் மாதிரிதான் இருந்தாள். பிறகு டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். மார்கழிக் குளிரில் அந்த ஹாஸ்டலிலேயே இதமான இடம் ரொட்டி சுடுகிற அடுப்படிதான். அங்கேயே நின்று நின்று வேலையைக் கற்றாள். வெண்ணெய் ஒட்டிய தட்டை வழிப்பது, ஓரம் கருகிய கேக்கை யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்வது என்று உடம்பும் வைத்தாள்.

மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிற அங்கப்பனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் ஏறினால் ஜீப்பின் முன் சீட் நிறைந்துவிடும், பக்கத்தில் இன்னொருவரை ஏற்ற முடியாது. அதற்காக அங்கப்பன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "ஒரு டிக்கெட் போனாப் போவுது, நீ நல்லா உக்காரு புள்ள" என்பான். நல்ல மனுஷன். அதை இப்போதே சொல்லிவைத்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவனைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாம் ஆரம்பித்தது சேர்வராயன் கோயில் திருவிழாவில். மலை உச்சியில் இருக்கிற குகைக் கோயில் அது. சாமியைப் பார்க்கக் குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். அந்த வருஷம் கூட்டம் நெருக்கியடித்தது. பாவாயிக்கு முழங்கால் வலி வேறு. குகை வாசலில் அவள் குனிந்தாள், கால் மடங்கவில்லை, பக்கவாட்டில் திரும்பினாள், தோள் பாறையில் இடித்தது, பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் மிளகு வியாபாரி ஐயாக்கண்ணு, அந்த ஆளுக்கு வாயில் எதுவும் தங்காது, சத்தமாகச் சொன்னார்.

"அடுத்த வருசம் அக்காவுக்குன்னு வாசல இடிச்சுப் பெருசு பண்ணோணும் சாமி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பூசாரிகூடச் சிரித்தார். பாவாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, கையில் இருந்த தேங்காய் பழத் தட்டை யாரிடமோ கொடுத்து அனுப்பிவிட்டு, சாமியைப் பார்க்காமலே வெளியே வந்து ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அடுத்த நோம்பிக்கு நானே உள்ள நொழஞ்சு சாமியப் பாக்கோணுங்க மாமா. யாரும் வழி உட வேண்டாம்."

அந்த ஒரு ஆசைதான். கார் பங்களா கேட்கவில்லை அவள்.

முழங்காலுக்குச் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் ஒரு எலும்பு டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முழங்காலில் கோளாறு குறைவு, மேலே சுமக்கிற பாரம்தான் அதிகம் என்றார். எடையைக் குறைக்க வேண்டும், மைதாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கூடாது, ஓட்ஸ் சாப்பிட வேண்டும், தினமும் நடக்க வேண்டும். அங்கிருந்த நர்ஸ் செல்வமேரி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கலகலவென்று பேசுகிறவள், போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "மலையிறங்கி வந்து அலைய வேண்டாம்க்கா, எப்படி இருக்குன்னு எனக்குப் போன்ல சொன்னாப் போதும்" என்றாள்.

ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தாள் பாவாயி. சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பசை தோற்றது. இரண்டு நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். மூன்றாம் நாள், "நான் என்ன மாட்டுக்குப் பொறந்தவளா?" என்று பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு ஓவனைப் பற்ற வைத்தாள்.

முதலில் சுட்டது கல்லாக வந்தது. "ஏம்புள்ள, கொண்டை ஊசி வளைவுல ஜீப்பு பின்னால உருளாம இருக்க டயருக்குக் கட்டை குடுக்கோணும், இதுல நாலு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான் அங்கப்பன். கரண்டி பறந்து வந்தது. அடுத்தது உதிர்ந்து தூளானது. வெண்ணெய் இல்லாமல் மாவு பிடிக்கவில்லை. பிறகு ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வருகிற வரை வறுத்துப் பாதியைப் பொடித்து, மீதியை அப்படியே விட்டு, நன்றாகக் கனிந்த மலை வாழைப்பழத்தைப் பிசைந்து ஊற்றி, வறுத்த கடலையைக் கரகரவென்று அரைத்துச் சேர்த்து, மேலே ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டாள். சாமை மாவு ஒரு கைப்பிடி. அது செம்மநத்தத்துக் கை, அவளைக் கேட்காமலே போட்டுவிட்டது. வெந்து வந்ததைப் பிய்த்து வாயில் போட்ட அங்கப்பன் கேலி பேசவில்லை. இன்னொன்று எடுத்தான்.

அதிலிருந்து காலையில் அந்த பிஸ்கட், சாயங்காலம் அந்த பிஸ்கட். தொட்டுக்கொள்ளச் சர்க்கரையில்லாத கடுங்காபி. தினமும் ஏரியை ஒரு சுற்று. பாவாயி உண்மையாகவே இளைத்தாள். இதில் யாரும் சந்தேகப்பட வேண்டாம், முதல் சில மாதங்கள் அவள் இளைத்ததெல்லாம் அவள் பாடுபட்டு இளைத்தது. குகை வாசலில் பேசிய பேச்சுக்குப் பரிகாரமாகவோ என்னவோ, ஐயாக்கண்ணு தன் குடோனில் மிளகு மூட்டை நிறுக்கிற தராசில் வாராவாரம் அவளை ஏற்றி எடை பார்த்துச் சொல்வார். "அக்கா, இந்த வாரம் அரை மூட்டை மிளகு காணோம், எங்க வித்தீங்க?" என்பார். அவள் இறங்கும்போது முகம் மலர்ந்திருக்கும்.

ஊருக்கு இதைவிட வேறு என்ன விளம்பரம் வேண்டும்? அங்கப்பன் அவளுடைய பழைய போட்டோ ஒன்றையும் புதுப் போட்டோ ஒன்றையும் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினான். சுற்றுலா வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், வாங்கினார்கள், அவளோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். லாட்ஜ்களில் கேட்டு அனுப்பினார்கள். பிஸ்கட்டுக்கு ஊரே ஒரு பெயரும் வைத்துவிட்டது. இளைக்கிற பிஸ்கட். "அக்கா, எளைக்கிற பிஸ்கட் கால் கிலோ!" என்று குரல் வரும்போதெல்லாம் பாவாயிக்கு உள்ளே குளிர்ந்தது. கேலி செய்த வாயெல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறதே!

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி கடை வாசல்வரை வந்து நின்றது. பாவாயிக்கு இருமல் வந்தது. மலையில் ஐப்பசிக்கு இருமாதவர் யார்? மாவுத் தூசி என்றாள், பனி என்றாள், மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்தாள். இருமல் போகவில்லை. பசி போயிற்று. முன்பெல்லாம் ஓவன் கதவைத் திறந்தால் வருகிற வாசனைக்கே வாயூறும் அவளுக்கு. இப்போது அதே வாசனை வயிற்றைப் புரட்டியது. தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தால் ஒன்றரை அப்படியே இருக்கும். ஆனாலும் எடை இறங்கியது. முன்னைவிட வேகமாக இறங்கியது. வளையல் முழங்கைவரை ஏறிப் போனது. ரவிக்கையை இரண்டு முறை பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். தையல்காரி கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மல்லிகா போனில் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, என்னை விடச் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க!" என்று கூவினாள்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதுதான் பயங்கரம். ஒரு மனுஷி கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்கிறாள், ஊர் வந்து கைகொடுத்துவிட்டுப் போகிறது.

ஒருநாள் குடோனில் தராசில் ஏறி நின்றாள். ஐயாக்கண்ணு பார்த்தார். இறங்கி ஏறச் சொன்னார். மறுபடி பார்த்தார். பிறகு தராசைத்தான் திட்டினார். "இந்தச் சனியன் மழைல ஊறிப் போச்சுங்க அக்கா, கண்டதையும் காட்டுது" என்று சொல்லி, சேலத்திலிருந்து தராசு ரிப்பேர்க்காரனை வரவழைத்தார். ரிப்பேர்க்காரன் கழற்றி மாட்டிப் படிக்கல் வைத்துச் சோதித்துவிட்டு, தராசில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் பாவாயி வந்தபோது ஐயாக்கண்ணு வேடிக்கை எதுவும் பேசவில்லை. "இன்னைக்கு மூட்டை நெறைய இருக்குதுங்க அக்கா, பொறகு பாக்கலாம்" என்றார். அதற்கப்புறம் அவள் போகும்போதெல்லாம் மூட்டை நிறைய இருந்தது.

அங்கப்பன் மாதம் ஒரு போட்டோவாக ஒட்டிக்கொண்டே வந்ததில் கடைக் கண்ணாடியில் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. தை மாதம் பெங்களூர்க்காரக் குடும்பம் ஒன்று வந்தது. அந்த வீட்டுப் பெண் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசிப் போட்டோவில் விரலை வைத்து, "இது யாரு, அவங்க அம்மாவா?" என்று கேட்டாள்.

கல்லாவில் இருந்த பாவாயி ஆமாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவர்கள் போன பிறகு வெளியே வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். செத்துப்போன தன் அம்மாதான் அங்கே இருந்தாள். தை மாதக் குளிரில் அவளுக்கு முதுகு வியர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது.

மூச்சும் அப்போதுதான் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மேட்டில் பாதியில் நின்றாள். பிறகு கால்வாசியில் நின்றாள். படுத்தால் ஒரு பக்கம் அடைத்தது, தலையணைக்கு மேல் தலையணை வைத்துச் சாய்ந்தபடி தூங்கினாள்.

"எளைக்குதுங்க மாமா" என்றாள்.

"எளைக்கட்டுமே! அதுக்குத்தானே இத்தனை பாடு?" என்று சிரித்தான் அங்கப்பன்.

"அந்த எளைக்கறது இல்லீங்க. இந்த எளைக்கறது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

நம் பக்கத்தில் உடம்பு மெலிந்தாலும் எளைக்குதுதான், மூச்சு வாங்கினாலும் எளைக்குதுதான். வார்த்தை ஒன்றே ஒன்று. எந்த இளைப்பு என்பதை ஆள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். அங்கப்பன் அவள் முகத்தைப் பார்த்தான், கையை நெஞ்சில் பார்த்தான், புரிந்துகொண்டான். பயந்தும் போனான். உடனே போனை எடுத்து, பாவாயிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, செல்வமேரியைக் கூப்பிட்டான். மனுஷன் தன் கடமையைச் செய்யாமல் இல்லை. ஆனால் போனுக்கு முகம் ஏது?

"ஏனுங்க சிஸ்டர், ஏற்காட்டுல இருந்து பாவாயி ஊட்டுக்காரன் பேசறனுங்க. மொழங்காலுக்குப் பாத்தோமுங்களே."

"அட, பிஸ்கட் அக்கா வீட்டுக்காரரா! சொல்லுங்கண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?"

"நொம்ப எளைக்குதுங்க சிஸ்டர்."

"நல்ல சேதியால்ல சொல்லுதீங்க! டாக்டர்கிட்ட இப்பவே சொல்லுதேன்."

அங்கப்பன் பாவாயியைப் பார்த்தான். "இல்லீங்க சிஸ்டர், நடந்தாலே எளைக்குதுங்க" என்றான்.

"நடந்தா இளைக்கத்தானண்ணே செய்யும்! விடாம நடக்கச் சொல்லுங்க."

"மேடு ஏறுனா இன்னும் சாஸ்தியா எளைக்குதுங்களே?"

"அப்ப மேட்டுலயே நடக்கச் சொல்லுங்க. நீங்க ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயி கெடுத்திராதீங்க, ஆமா! நல்லா போயிட்டிருக்கு, இப்ப விட்டா மறுபடி ஏறிரும். அண்ணே, எனக்கும் அந்த பிஸ்கட் ஒரு டப்பா பஸ்ல குடுத்து விடுங்களேன்."

போனை வைத்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆஸ்பத்திரில நல்லதுன்னுதான் சொல்றாங்க" என்றான் அங்கப்பன். "ஆமாங்க" என்றாள் பாவாயி. மூச்சு வாங்குவது எப்படி நல்லதாகும் என்று அவள் நெஞ்சுக்குள் ஒன்று கேட்டது. ஆனால் திருவிழாவுக்கு இன்னும் சில மாதங்கள்தான். சேலத்துக்குப் போய் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துப் படுக்கப் போட்டுவிட்டால்? சாமியைப் பார்த்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கேள்வியை அவளே அடக்கினாள். செல்வமேரிக்கு ஒரு டப்பா பிஸ்கட் பஸ்ஸில் போயிற்று.

அன்றிலிருந்து அங்கப்பன் அவளை ஜீப்பில் ஏற்றவில்லை. கல் நெஞ்சக்காரன் இல்லை அவன், சொல்பேச்சுக் கேட்கிறவன். மார்க்கெட்டில் பழத்தை வாங்கிப் பையைத் தன் ஜீப்பில் வைத்துக்கொண்டு, அவளை மட்டும் நடந்து வரச் சொல்வான். "நட புள்ள, மெதுவா நட, டாக்டர் சொல்லிருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அவளுக்கு முன்னால் ஜீப்பை ஊர்கிற வேகத்தில் ஓட்டுவான், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே. அவள் நிற்பாள், அவனும் நிற்பான். ரோட்டில் போகிறவர்கள் இந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டிய எளைக்க வெக்கறதுன்னா அங்கப்பன்கிட்டக் கத்துக்கோணும்" என்றார்கள்.

திருவிழா வந்தது. மே மாதம், மலை முழுக்க ஜனம். அங்கப்பனுக்கு விடிந்ததிலிருந்து கோயிலுக்கு ட்ரிப் மேல் ட்ரிப். பாவாயி மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தட்டில் தேங்காய் பழத்தோடு ஒரு ஓட்ஸ் பிஸ்கட்டையும் வைத்து, வீட்டிலிருந்தே நடக்க ஆரம்பித்தாள். வழியில் இரண்டு தரம் அங்கப்பனின் ஜீப் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் போனது. முதல் தரம் அவள் நடந்துகொண்டிருந்தாள், அவன் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். இரண்டாம் தரம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். அவன் பிரேக்கில் காலை வைத்து, "ஏறிக்கறியா புள்ள?" என்று கேட்டான். ஏறிக்கொள் என்று அவன் சொல்லியிருந்தால் ஏறியிருப்பாள். கேள்வியாகக் கேட்டதால் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். பின்சீட்டில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள்.

குகை வாசலுக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. அங்கப்பன் ஜீப்பை நிறுத்திவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான். கூட்டத்தில் ஐயாக்கண்ணுவும் நின்றார். போன வருஷம் சிரித்த அத்தனை பேரும் ஏதோ கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்தார்கள். "இப்ப அக்கா ரெண்டு பேரா நொழையலாம்!" என்றது ஒரு குரல். ஐயாக்கண்ணு மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

பாவாயி குனிந்தாள். எதுவும் இடிக்கவில்லை. ஒரு துணி நழுவுவதுபோல உள்ளே போய்விட்டாள். அடடா, அந்த நிமிஷம்! யாரும் வழி விடவில்லை, யாரும் தள்ளவில்லை. சேர்வராயனும் காவேரியம்மனும் விளக்கு வெளிச்சத்தில் அவளுக்கு நேர் எதிரே இருந்தார்கள். அழுதுவிட்டாள். அழுவதற்கு மூச்சு வேண்டுமே. கற்பூரப் புகை மேல் பாறையில் முட்டித் திரும்பி வந்தது. இழுத்தாள், வரவில்லை. மறுபடி இழுத்தாள். பக்கத்துப் பாறையைப் பிடித்தாள், அது ஈரமாக வழுக்கியது.

நாலைந்து கைகள் அவளை வெளியே கொண்டுவந்து சேர்த்தன. நடக்கிற நிலையில் இல்லை. வெளிச்சத்தில் கண்ணைத் திறந்து, "எளைக்குது… எளைக்குது…" என்றாள்.

"தெரியுதுக்கா! பாதியாயிட்டீங்களே!" என்று பூரித்தாள் விசிறிக்கொண்டிருந்த ஒருத்தி.

அங்கப்பன் அவள் உதட்டைப் பார்த்தான். நாவற்பழம் தின்றவள்போல் நீலம் பாரித்திருந்தது. விசிறியவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, பாவாயியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். கையில் எடையே இல்லை. இத்தனை மாதமாகப் போட்டோ எடுத்து ஒட்டியவன், அவளைத் தூக்கிப் பார்க்கவில்லையே!

இருபது வளைவும் இறங்கி அவனுக்குத் தெரிந்த ஒரே டாக்டரிடம் கொண்டுபோனான். எலும்பு டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்தார். ஒரு பக்கம் சத்தமே இல்லை. உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார், படம் எடுக்கச் சொன்னார். படம் வந்தது. ஒரு பக்கத்து நுரையீரல் முழுக்க வெள்ளையாக இருந்தது. கட்டி, அதைச் சுற்றி நீர் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொண்டே அங்கப்பனிடம் கோபமாகக் கேட்டார்.

"மூச்சு வாங்க ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஆயிருக்கும். தை மாசம் வந்திருந்தாக்கூட…" என்று நிறுத்தினார். "ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னனுங்களே" என்றான் அங்கப்பன். அவனுக்குக் கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை. "தை மாசமே போன் பண்ணிச் சொன்னனுங்களே சாமி. எளைக்குதுன்னு சொன்னேன். நடந்தாலே எளைக்குதுங்கன்னு சொன்னேன். மேடு ஏறுனா சாஸ்தியா எளைக்குதுன்னு சொன்னேன். சிஸ்டர்தான் நல்லதுன்னாங்க. நடக்க வையுங்கன்னாங்க. நானும் நடக்க வெச்சேன். ஜீப்புல ஏத்தவே இல்லீங்க, இன்னைக்கு வரைக்கும் ஏத்தவே இல்லீங்க."

ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த செல்வமேரியின் கை அப்படியே நின்றது. படுக்கையில் இருந்த பாவாயி அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் புரியாமல் இருந்தது, பிறகு புரிந்தது, பிறகு அதில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. அதைப் பார்த்துத்தான் பாவாயிக்கும் புரிந்தது. மேசை மேல் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் அவள் பஸ்ஸில் அனுப்பிய பிஸ்கட் டப்பா இருந்தது.

"நீங்க இளைக்குதுன்னதும்… நான் உடம்பைச் சொல்லுதீங்கன்னுல்லா நெனச்சேன்…" என்றாள் செல்வமேரி. பாவாயியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அங்கப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அது விளங்கப் பிறகு வெகு நேரம் ஆனது. விளங்கியதும் ஆஸ்பத்திரி வராந்தாச் சுவரில் தலையை மோதிக்கொண்டான், இரண்டு வார்டு பாய்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க ஊறியது. கடைசியில், வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கேட்பதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

மழைக்கு முந்தின ஒரு நாள் ஜீப் மலை ஏறியது. ஆக்சிஜன் சிலிண்டர் பின்னால், பாவாயி முன் சீட்டில். ஒவ்வொரு வளைவிலும் அங்கப்பன் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டான். பாதி மலையில் அவள் பேசினாள்.

"மாமா, நான் உள்ள நொழஞ்சிட்டேன் இல்லீங்க? ஒரு பக்கமும் இடிக்கல."

"ஆமா புள்ள. ஒரு பக்கமும் இடிக்கல" என்றான். ரோடு தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினான்.

மார்க்கெட் முக்கில் கூட்டத்துக்காக ஜீப்பை நிறுத்த வேண்டியிருந்தது. லாட்ஜில் வேலை பார்க்கும் கமலா ஓடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி சங்கதி எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அட பாவாயக்கா! என்னக்கா இப்படி எளைச்சிட்டீங்க! கடைய ஏனுங்க தொறக்கல? வர்றவங்க எல்லாம் எளைக்கிற பிஸ்கட்டத்தான் கேக்கறாங்க."

"எளைக்கலைங்க" என்றான் அங்கப்பன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சொன்னான். "மூச்சு வாங்குது. அவளுக்கு மூச்சு வாங்குதுங்க."

கமலா ஒன்றும் புரியாமல் விலகி நின்றாள். ஜீப் நகரப் போகும்போது மஞ்சக்குட்டைக்காரர் ஒருவர் பையோடு வந்து முன் சீட்டைப் பார்த்தார். பாவாயிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம்.

"முன்னால எடம் இருக்குதே அங்கப்பா, ஏறிக்கட்டுமா?"

"எடம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அங்கப்பன் கியரைப் போட்டான்.